ஆங்கில இறந்தகால வினைகள்: பிழையும் பழைமையும்

1751ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் லண்டன் மாநகரில் ராபர்ட் டாட்ஸ்லி என்னும் பதிப்பாளர் ஒரு சிறு கவிதை நூலை வெளியிட்டார். நாட்டுப்புறத் தேவாலயம் ஒன்றின் மயானத்தில் துயிலும் பெயரறியாக் குடியானவர்களை எண்ணித் தாமஸ் கிரே பாடிய இரங்கற்பா அது. ஆங்கிலம் பயின்ற நம்மவருள் பலர் கல்லூரியில் அதனைப் பாடமாகவே படித்திருப்பர். ஆயினும் அந்த முதற்பதிப்பின் முகப்பை இன்றைய மாணவனிடம் காட்டினால், 'தலைப்பிலேயே பிழை இருக்கிறதே!' என்பான். 'எழுதப்பட்ட' என்னும் பொருளில் 'ரிட்டன்' என்று வரவேண்டிய இடத்தில் அங்கே 'ரோட்' என்று அச்சாகியிருந்தது.

கிரே இலக்கணம் அறியாதவரல்லர். கேம்பிரிட்ஜிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த பேரறிஞர்; 1768இல் அங்கு வரலாற்றுப் பேராசிரியராகவும் அமர்த்தப்பட்டார். அவர் காலத்தில் அது பிழையன்று. பின்னர் வந்த பதிப்புகளில் 'ரிட்டன்' ஆயிற்று; இன்று நாம் அறிந்த தலைப்பும் அதுவே. பெரும்புலவர் ஒருவரின் நூல்முகப்பில் நின்ற சொல், சில தலைமுறைகளுக்குள் ஆசிரியரின் சிவப்பு மைக்கு இரையாகும் சொல்லானது எவ்வாறு? இவ்வினாவைப் பற்றிக்கொண்டு சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

'கோ, வென்ட், கான்' என்றும், 'ஸிங், ஸாங், ஸங்' என்றும் நாம் இளமையில் உருப்போட்ட பட்டியலை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வாய்பாடு போல் ஒப்புவித்தோமேயன்றி, இவை ஏன் இப்படி இருக்கின்றன என்று நாம் கேட்டதுமில்லை, நமக்குச் சொன்னவருமில்லை. நெஸ்பீல்டு இலக்கணமும் அதன்பின் ரென் - மார்ட்டின் இலக்கணமும் பட்டியலைத் தந்தன, காரணத்தைத் தரவில்லை. பாடநூலின் வேலை அதுவன்று என விட்டுவிடுவோம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் இரு பெரும் பிரிவுகளாக இருந்தன. ஒன்று, சொல்லின் இறுதியில் 'ட' போன்றதோர் ஒலியைச் சேர்த்து இறந்தகாலம் காட்டுவது. மற்றொன்று, இறுதியில் எதனையும் சேர்க்காமல், சொல்லின் உள்ளேயிருக்கும் உயிரொலியை மாற்றியே காலம் காட்டுவது. ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றுக்கு முறையே 'வலுவற்ற வினை', 'வலுவான வினை' என்று பெயரிட்டார். பிறர் துணையின்றித் தன்னுள்ளேயே மாறும் ஆற்றல் உள்ளது வலுவானது என்பது அவர் கருத்து.

அரபு மதரஸாக்களில் ஸர்பு இலக்கணம் ஓதியவர்களுக்கு இந்த உள்மாற்றம் வியப்பளிக்காது. 'எழுதினான்' என்பதற்கு 'கதப' என்றும், 'எழுதப்பட்டது' என்பதற்கு 'குதிப' என்றும் வருவதையும், காதிப், கிதாப் எனப் பல சொற்கள் அதே மூன்று மெய்களிலிருந்து பிறப்பதையும் அவர்கள் அறிவார்கள். மெய் நிலைத்து நிற்க உயிர் மாறுகிறது. ஆனால் இந்த ஒற்றுமையைக் கண்டு இரு மொழிகளுக்கும் உறவு கற்பித்துவிடலாகாது. ஆங்கிலத்தின் உயிர்மாற்றம் வேறு குடும்பத்துச் சொத்து. கிரேக்கத்திலும் வடமொழியிலும் அதன் உடன்பிறப்புகளைக் காணலாம். இம்மொழிகளெல்லாம் ஒரே மூலத்தினின்று கிளைத்தவையாதல் வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் எடுத்துரைத்தவர் ஸர் வில்லியம் ஜோன்ஸ். பாரசீக மொழிக்கு ஆங்கிலத்தில் இலக்கணம் வரைந்தவரும் அவரே.

நம் வினாவுக்குரிய விடையின் முதற்பகுதி இந்த வலுவான வினைகளில் புதைந்து கிடக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அவற்றுக்கு இறந்தகால வடிவம் ஒன்றன்று, இரண்டு. 'நான் பாடினேன்' என்னும்போது 'ஸாங்' என்பது போன்ற ஒரு வடிவம். 'நாங்கள் பாடினோம்' என்னும்போது 'ஸுங்கொன்' என்று உகரம் பயின்ற வேறொரு வடிவம். இவையல்லாமல் எச்சவடிவம் ஒன்றும் தனியாக இருந்தது. காலப்போக்கில் ஒருமை பன்மை காட்டும் ஈறுகள் தேய்ந்து மறைந்தன. ஈறு போனபின் இரண்டு இறந்தகால வடிவங்கள் எதற்கு? ஒன்று போதும் என்று மக்கள் நாவு முடிவு செய்தது. ஆனால் எந்த ஒன்று என்பதில் ஒற்றுமை ஏற்படவில்லை.

'எழுது' என்னும் பொருளுடைய 'ரைட்', 'கடி' என்னும் பொருளுடைய 'பைட்' ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் இவை ஒரே வகையைச் சேர்ந்த இரட்டைப் பிள்ளைகள்; ஒருமையில் 'ராட்', 'பாட்'; பன்மையில் 'ரிட்டொன்', 'பிட்டொன்'. இன்றைய ஆங்கிலத்திலோ முதற்சொல் ஒருமை வடிவத்தைத் தழுவி 'ரோட்' ஆயிற்று. இரண்டாவது சொல் பன்மை வடிவத்தைத் தழுவி 'பிட்' ஆயிற்று. இதற்குத் தருக்கநெறி சார்ந்த காரணம் எதுவுமில்லை. ஒரே தந்தையின் இரு மைந்தருள் ஒருவன் தந்தைவழி வீட்டிலும் மற்றவன் தாய்வழி வீட்டிலும் வளர்ந்தது போன்ற கதைதான்.

இதனை அறிந்தபின், இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் அமெரிக்க மலைநாட்டிலும் 'நேற்று நான் பாடினேன்' என்பதற்கு 'ஸங்' என்றும், 'குடித்தேன்' என்பதற்கு 'டிரங்க்' என்றும், 'தொடங்கினேன்' என்பதற்கு 'பிகன்' என்றும் சொல்லும் உழவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வருமா? அவன் எதனையும் சிதைக்கவில்லை. பழைய பன்மை வடிவம் அவன் நாவில் உயிரோடிருக்கிறது. பள்ளிக்கூடம் ஒருமையின் பிள்ளையைச் சுவீகரித்தது. அவன் பன்மையின் பிள்ளையைக் கைவிடவில்லை.

இதற்கிடையே வலுவான வினைகளின் தொகை சுருங்கிக்கொண்டே வந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே வழங்கியது. எழுத்தில் ஆங்கிலத்துக்கு நெடுநாள் மதிப்பில்லை. மதிப்பில்லாத மொழியைக் கட்டிக்காப்பாரும் இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்து குவிந்த புதிய வினைகள் பெரும்பாலும் எளிய வழியாகிய 'ட' ஈற்றையே ஏற்றன. அவற்றைப் பார்த்துப் பழைய வினைகளும் ஒவ்வொன்றாக அணிமாறின. 'உதவு' என்னும் பொருளுடைய 'ஹெல்ப்' ஒருகாலத்தில் வலுவான வினை. அதன் எச்சம் 'ஹோல்பன்'. 1611இல் ஜேம்ஸ் மன்னரின் ஆணையால் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பில் அவ்வடிவம் அச்சேறியிருக்கிறது. இன்று 'ஹெல்ப்டு' என்பதே வழக்கு.

எவை மாறின, எவை மாறாது நின்றன என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் 2007இல் வெளியிட்ட கணக்கொன்று சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை அவர்கள் தொடர்ந்து நோக்கினர். இடைக்கால ஆங்கிலத்தில் 145 எஞ்சின. இன்று 98 மட்டுமே நிற்கின்றன. அன்றாடம் ஓயாமல் வாயில் புழங்கும் சொல் மாறுவதில்லை. அருகி வழங்கும் சொல்லே மாறுகிறது. ஒரு வினையைவிட நூறு மடங்கு குறைவாக வழங்கும் மற்றொரு வினை பத்து மடங்கு விரைவாக ஒழுங்குக்குள் வந்துவிடுகிறதாம். 'இரு', 'செய்', 'சொல்', 'போ', 'வா', 'பார்' என்னும் பொருளுடைய ஆங்கில வினைகளெல்லாம் இன்றும் ஒழுங்கற்றவையாக இருப்பதன் காரணம் இதுவே. தினமும் மிதிபடும் வாசற்படியில் புல் முளைப்பதில்லை அன்றோ?

ஓட்டம் எப்போதும் ஒரே திசையில் சென்றது என்றும் கொள்ளலாகாது. 'தோண்டு' என்னும் 'டிக்' ஒருகாலத்தில் 'டிக்டு' என்றே இறந்தகாலம் காட்டியது. மேற்சொன்ன 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அவ்வாறே காணலாம். இன்றைய 'டக்' பின்னால் வந்தது. பிரெஞ்சிலிருந்து வந்த 'ஸ்டிரைவ்', 'டிரைவ்' என்பதன் சாயலில் தன்னை வலுவான வினையாக மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் 'பாய்ந்து மூழ்கினான்' என்பதற்கு 'டைவ்டு' என்னாமல் 'டோவ்' என்பார் உளர்; கவிஞர் லாங்பெல்லோவே 1855இல் அதனைக் கையாண்டார். 'பதுங்கிச் சென்றான்' என்பதற்கு 'ஸ்னீக்டு' என்பதைத் தள்ளிவிட்டு 'ஸ்னக்' என்பது 1880களில் அந்நாட்டில் தலைகாட்டியது. 'போ' என்பதற்குரிய 'கோ'வின் கதையோ தனிக்கதை. அதன் சொந்த இறந்தகாலம் அழிந்துபோய், 'திரும்பு' என்னும் பொருளுடைய 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலமாகிய 'வென்ட்' அவ்விடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

பதினெட்டாம் நூற்றாண்டு தொடங்கியபோது நிலைமை இதுதான்: பல வினைகளுக்கு இரண்டு, மூன்று வடிவங்கள் அக்கம்பக்கமாக உலவின. ஷேக்ஸ்பியரின் நாடக மாந்தர் 'பேசியிருக்கிறேன்' என்பதற்கு 'ஸ்போக்கன்' என்ற எச்சத்தை விட்டு 'ஸ்போக்' என்றே சொல்வதுண்டு. எவரும் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. கிரேயின் தலைப்பும் அந்த மரபில் வந்ததே.

ஆனால் அந்நூற்றாண்டு ஒழுங்கை விரும்பிய நூற்றாண்டு. 1711இல் ஜோசப் அடிஸன் தம் 'ஸ்பெக்டேட்டர்' இதழில், இறந்தகால ஈற்றின் உயிரொலியை மக்கள் விழுங்கிவிடுகிறார்கள் என்று வருந்தினார். அதற்கடுத்த ஆண்டு ஜோனதன் ஸ்விப்ட், நாட்டின் முதன்மை அமைச்சராயிருந்த ஆக்ஸ்போர்டு பிரபுவுக்கு வெளிப்படையான கடிதம் ஒன்று எழுதி, ஆங்கில மொழியைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அவை வேண்டும் என்று கோரினார். அவரைப் புண்படுத்தியவற்றுள் இந்தச் சுருங்கிய இறந்தகாலங்களும் அடங்கும். 'ஆயிற்று' என எழுதி 'ஆச்சு' எனப் பேசும் நமக்கு அந்தப் புண்ணின் வலி புரியாமல் இல்லை! அவை அமையவில்லை, 1714இல் ஆன் அரசியார் மறைந்ததோடு அந்த முயற்சியும் மறைந்தது. ஸ்விப்ட் வெறுத்த சுருக்கமே இன்று எல்லோர் வாயிலும் செவ்விய உச்சரிப்பாய் நிற்கிறது.

அவை செய்யாததை ஒரு பாதிரியார் செய்தார். ராபர்ட் லௌத் என்னும் அவர் ஹீப்ரு மொழியில் துறைபோகியவர். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். 1762இல் தம் பெயரைக்கூட வெளியிடாமல் ஆங்கில இலக்கணச் சுருக்கம் ஒன்றை அச்சிட்டார். இறந்தகால வினை வேறு, எச்சம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரலாகாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. 'எழுதியிருக்கிறேன்' என்பதற்கு 'ரோட்' என்பதும், 'தொடங்கினான்' என்பதற்கு 'பிகன்' என்பதும் அவர் கணக்கில் குற்றங்கள். அதற்குச் சான்றாக அவர் காட்டிய குற்றவாளிகள் யார்? மில்டன், டிரைடன், போப், ஏன், ஸ்விப்டும் கூட! மொழியின் மாமன்னர்களையே கூண்டில் ஏற்றிய துணிவு பாராட்டத்தக்கதுதான். எனினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஒரு மொழியின் தலைசிறந்த ஆசிரியர்கள் அனைவரும் ஒருமுகமாக ஒரு வழக்கைக் கையாண்டிருக்கையில், வழக்கு தவறா, விதி தவறா? தமிழில் இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்புவதே முறை என்பர். லௌத் அதனைத் தலைகீழாக்கினார்.

அவர் விதியைப் பரப்பியவர் லிண்ட்லி மரே. அமெரிக்காவில் பிறந்து வழக்கறிஞராக இருந்து, பின் இங்கிலாந்தின் யார்க் நகரருகே குடியேறிய இவர், அங்குள்ள பெண்கள் பள்ளி ஒன்றுக்காக 1795இல் எழுதிய இலக்கணம் பல லட்சம் பிரதிகள் விற்றது. கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. அதுமுதல் இறந்தகால வடிவம் ஒரு மனிதனின் படிப்பையும் குடிப்பிறப்பையும் அளக்கும் அளவுகோலாயிற்று. சரியான வடிவத்தைச் சொன்னவன் கனவான். மற்றதைச் சொன்னவன் காட்டான்.

1885ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் கான்கார்டு நகரப் பொது நூலகம், மார்க் ட்வைன் எழுதிய 'ஹக்கிள்பெரி பின்' நாவலைத் தன் அலமாரியிலிருந்து விலக்கியது. முரட்டு நடை என்பதும் சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று. கதை சொல்லும் சிறுவன் ஹக், 'பார்த்தேன்' என்பதற்கு 'ஸீன்' என்கிறான். 'அறிந்தேன்' என்பதற்கு 'நோடு' என்கிறான். 'ஏறினேன்' என்பதற்கு 'கிளம்' என்கிறான். இவை மூன்றும் ஒரே தரத்தன அல்ல. 'ஸீன்' என்பது எச்சம் இறந்தகாலத்தின் இருக்கையில் அமர்ந்த புதுவரவு. 'நோடு' என்பது எளிய ஈற்றைச் சேர்த்துக்கொண்ட வடிவம். 'ஹெல்ப்' எந்தப் பாதையில் 'ஹெல்ப்டு' ஆயிற்றோ அதே பாதைதான். முன்னது சென்றபோது இலக்கணக் காவலர் எவரும் வழியில் நிற்கவில்லை. ஆகையால் அது செம்மொழி. பின்னது சென்றபோது காவலர் வந்துவிட்டார்கள். ஆகையால் அது கொச்சை. மூன்றாவதாகிய 'கிளம்' என்பதோ பழைய ஆங்கிலப் பன்மை வடிவத்தின் நேர் வாரிசு. நூலகத்தார் தள்ளிய அச்சொல்லின் வயது அந்த நகரின் வயதைவிடப் பல நூறு ஆண்டுகள் மிகுதி.

இவ்வழக்குகளுக்கு அறிவுலகில் ஓர் ஆசனம் தேடித்தந்த மனிதரைப் பற்றி இனிச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாவட்டத்தில், பிராட்போர்டு நகரையடுத்த சிற்றூரொன்றில் 1855இல் பிறந்தவர் ஜோசப் ரைட். வறுமை மிகுந்த வீடு. ஆறு வயதில் கல்லுடைக்கும் இடத்தில் கழுதைவண்டி ஓட்டினார். ஏழு வயதில் ஸால்டேர் ஊரின் பெரிய கம்பள ஆலையில், நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றி வெற்றுக் கண்டுகளை மாட்டும் வேலைக்குச் சேர்ந்தார். பதினைந்து வயதுவரை அவருக்கு எழுத்தே தெரியாது. 1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, உடன் வேலை செய்தவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பதைக் கேட்டு, தாமும் படிக்க வேண்டும் என்ற வேட்கை பிறந்ததாம். தாமே எழுத்துக் கற்றார். இரவுப் பள்ளியில் பிரெஞ்சும் ஜெர்மனும் லத்தீனும் பயின்றார். தாம் கற்றதை ஊர்ச் சிறுவர்களுக்குத் தம் தாயின் குடிசையிலேயே வாரம் இரண்டு பென்ஸ் வாங்கிக்கொண்டு கற்பித்தார்.

1876இல் சிறுகச் சிறுகச் சேர்த்த நாற்பது பவுனோடு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி, காசை மிச்சப்படுத்த ஹைடல்பெர்க் நகர்வரை நடந்தே சென்றார். பின்னாளில் அதே ஹைடல்பெர்க்கில் 1885இல் முனைவர் பட்டம் பெற்றார். ரிக்வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரின் அழைப்பால் ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். 1901இல் ஒப்பியன் மொழிநூல் பேராசிரியராகி, 1925வரை அப்பதவி வகித்தார். ஆலையில் கண்டு மாட்டிய சிறுவனிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற நாவலாசிரியர் டோல்கீன்.

இத்தகையவர், தாம் ஏறிவந்த ஏணியை உதைத்துத் தள்ளியிருக்கலாம். தம் ஊர்ப்பேச்சை மறைத்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1892இல் அவர் வெளியிட்ட நூல், தாம் வளர்ந்த விண்ட்ஹில் ஊரின் பேச்சுமொழிக்கு எழுதிய இலக்கணம். கோதிக், பழைய ஜெர்மன் முதலிய மொழிகளுக்கு அறிஞர்கள் எந்த முறையில் வினைகளை வகுத்தார்களோ, அதே முறையில் ஆலைத் தொழிலாளரின் வினைகளை வலுவானவை என்றும் வலுவற்றவை என்றும் வகுத்துக் காட்டினார். எழுத்தறியாத தாய்மாரும் தந்தைமாரும் பேசியது தாறுமாறன்று, அதற்கும் வரலாறுண்டு, ஒழுங்குண்டு என்பதை அறிவுலகத்தின் மொழியிலேயே நிலைநாட்டினார். அதன்பின் நாடெங்கும் தன்னார்வத் தொண்டர்கள் சேர்த்தளித்த சொற்களைக் கொண்டு, 1898 முதல் 1905 வரை ஆறு பெருந்தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். பதிப்பாளர் எவரும் பொறுப்பேற்கத் தயங்கிய அப்பணியின் செலவுச் சுமையைத் தாமே தாங்கினார்.

அகராதிக்கும் ஓர் அவசரம் இருந்தது. ரைட் எழுத்துக் கற்ற அதே 1870இல்தான், பிராட்போர்டு தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் பார்ஸ்டர் கொண்டுவந்த கல்விச் சட்டம் நிறைவேறியது. ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரும்பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் அதே பள்ளிகளில் பாட்டன் பாட்டியின் இறந்தகாலங்கள் 'தவறு' என்ற பெயரோடு திருத்தப்பட்டன. பிள்ளை வீட்டுக்கு வந்து தாயின் பேச்சைக் கேட்டபோது அவன் உள்ளத்தில் என்ன தோன்றியிருக்கும் என்பதை, வீட்டில் ஒரு தமிழும் பள்ளியில் ஒரு தமிழும் கேட்டு வளர்ந்த நாம் ஓரளவு ஊகிக்கலாம். பொதுமொழி வேண்டாம் என்பது நம் கருத்தன்று. தேர்வு எழுதவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் நம் பிள்ளைகள் அந்தப் பட்டியலை உருப்போடத்தான் வேண்டும். பட்டியலைக் கற்பிக்கும்போது, அதில் இடம்பெறாத வடிவத்தைப் பேசுகிறவனை அறிவிலி என்றும் சேர்த்துக் கற்பிப்பதுதான் நமக்கு உடன்பாடில்லை.

அந்த வடிவங்களுக்குள்ளும் விதிகள் உண்டென்பதற்கு ஒரே ஒரு சான்று. 'செய்தேன்' என்பதற்கு 'டிட்' என்னாமல் 'டன்' என்பார் இங்கிலாந்தின் சாமானிய மக்கள் பலர். ஆனால் கேள்வி கேட்கவும் மறுத்துரைக்கவும் வரும் துணைவினையாக இருந்தால் அவர்களும் 'டிட்' என்றே சொல்வர். முதன்மை வினைக்கு ஒன்று, துணைவினைக்கு ஒன்று எனப் பிரித்து வழங்கும் இந்த நுட்பம், இரண்டுக்கும் 'டிட்' என்றே சொல்லும் பள்ளி ஆங்கிலத்தில் இல்லை.

ரைட் 1930இல் மறைந்தார். அவர் தொட்ட பணியை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஆர்ட்டன் தொடர்ந்தார். 1950 முதல் 1961 வரை அவருடைய மாணவர்கள் 313 ஊர்களுக்குச் சென்று, ஊரைவிட்டுப் பெயராத முதியோரைத் தேடிப்பிடித்து, ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வினாக்களைக் கேட்டு எழுதினர். அமெரிக்காவில் பாக்பி அட்வுட் என்பார் கிழக்கு மாநிலங்களின் வினை வடிவங்களை மட்டுமே ஆராய்ந்து 1953இல் ஒரு நூல் வெளியிட்டார். 'உதவினான்' என்பதற்கு 'ஹோல்ப்' என்று சொல்வோர் வர்ஜீனியா, வட கரோலினா பகுதிகளில் அப்போதும் இருந்தனர் என்று அதில் காண்கிறோம்.